எண்ணில் சிறியோரும் எளியோரும்

மக்களாட்சி என்பது எண்ணிக்கையின் ஆட்சி. தேர்தலில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெல்கிறார். சட்டமன்றத்தில் கைகளின் எண்ணிக்கையே சட்டத்தை உருவாக்குகிறது. அவ்வாறாயின், எண்ணிக்கையில் குறைந்த ஓர் இனத்தையோ ஒரு மொழியையோ காப்பதற்கென்று நாட்டின் அரசியலமைப்பு தனி விதிகளை வகுப்பது ஏன்? பெரும்பான்மையினர் தம் கைகளைத் தாமே கட்டிக்கொள்வது எந்த நீதியின் பெயரால்? இவ்வினாவை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கத்தோலிக்கராகிய நாம் அவ்வாறு விட்டுவிட இயலாது. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு என்னும் மரத்தின் நிழலில் நடைபெறுபவை. நிழலில் அமர்ந்திருப்போர் அம்மரம் யாருக்காக நடப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிக்கு அருகே, கரிசல் காட்டின் நடுவே எழுந்து நிற்கும் கழுகுமலையே நமக்குப் போதிய பாடங்களை வைத்திருக்கிறது.

கரிசலின் இரு மொழிகள்

கரிசல் நிலத்துச் சிற்றூர்களில் ஒரே தெருவில் இரு மொழிகள் வாழ்கின்றன. திண்ணையில் தமிழ்; அடுக்களையில் தெலுங்கு. நாயக்கர், ரெட்டியார், கம்மவார், அருந்ததியர் எனப் பல சமூகத்தாரின் இல்லங்களில் தாய் தன் குழந்தையைத் தாலாட்டுவது தெலுங்கில்தான். பள்ளியிலும் சந்தையிலும் பருத்திக் காட்டிலும் அவர்கள் பேசுவது தமிழ். விசயநகர ஆட்சிக் காலத்திலும் மதுரை நாயக்கர் ஆட்சிக் காலத்திலும் தெற்கே வந்து குடியேறியோரின் வழியினர் இவர்களுள் பெரும்பாலோர். பல நூற்றாண்டுகளாக ஆந்திர நாட்டினின்று பிரிந்து வாழும் இவர்களது தெலுங்கு, அச்சிட்ட தெலுங்கு நூல்களின் மொழியினின்று வெகுவாக விலகிவிட்டது. பேசுவோருள் பலருக்கு அம்மொழியின் எழுத்துத் தெரியாது.

இம்மக்களால் தமிழ் பெற்ற செல்வம் சிறிதன்று. கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைத் தமிழிசை மறக்காது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். கரிசல் மக்களின் பேச்சுத்தமிழை இலக்கிய மேடையில் ஏற்றியவரும், அம்மக்களின் வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தவரும் அவரே. 1991-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021-இல் அவர் மறைந்தபோது தமிழகமே துக்கம் காத்தது. வீட்டில் ஒரு மொழியும் நாட்டில் ஒரு மொழியும் பேசுகிறவன் இரண்டுக்கும் பகைவனல்லன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலைமேல் இருக்கும் சமணச் சிற்பங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் காலத்தில், இம்மலை சமணர்களின் பெரும் கல்வி நிலையமாக விளங்கியது. சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஆசிரியர்களையும் மாணவர்களையும் குறிப்பிடுகின்றன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. இன்று அந்தப் பள்ளி இல்லை. இந்திய அரசு 2014-இல் சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. கழுகுமலையிலோ சிற்பங்கள் மட்டுமே பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக நிற்கின்றன. ஒரு சமூகம் மறைந்தபின் அதன் கல்லைக் காப்பது எளிது. வாழும் சமூகத்தை வாழும்போதே காப்பதுதான் அரிது. சட்டத்தின் பணி அவ்வரிய பணியே.

1895: ஒரு தெருவின் கதை

சிறுபான்மை என்றவுடன் எண்ணிக்கை நம் நினைவுக்கு வருகிறது. எண்ணிக்கை மட்டும் உண்மையைச் சொல்லுமா? கழுகுமலை அன்று எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. ஜமீன் குடும்பத்தினர் தெலுங்கு பேசும் நாயக்கர் மரபினர். மொழியால் அவர்கள் சிறுபான்மையினர். ஆயினும் நிலமும் கோயிலும் அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தன. அதே ஊரில் வாழ்ந்த நாடார் மக்கள் தமிழ் பேசுவோர், மொழியால் பெரும்பான்மையினர். ஆயினும் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இந்நிலையில் அவர்களுள் பலர் கத்தோலிக்க மறையைத் தழுவினர். தேர்வீதியில் அவர்கள் எழுப்பிய சிற்றாலயம் பூசலுக்குக் காரணமாயிற்று. 1895-ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவின்போது மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன.

அக்கலவரத்தின் பழியைப் பங்கிடுவது நம் நோக்கமன்று. அந்நாளில் ஒவ்வொரு தரப்பும் தன் உரிமையையே பேசியது. ஒருவருக்கு அது தொன்றுதொட்டு வந்த வழிபாட்டு முறை. மற்றவருக்கு மனிதனாகத் தெருவில் நடக்கும் உரிமை. நாம் இங்கே கருத வேண்டியது வேறு. எண்ணிக்கையில் சிறிய மொழியினர் வலியவராகவும், பெரிய மொழியினருள் ஒரு பகுதியினர் எளியவராகவும் இருந்தனர். ஆகவே சிறுபான்மையும் எளிமையும் ஒன்றல்ல. ஒருவரே ஓர் அளவுகோலால் பெரியவராகவும் மற்றோர் அளவுகோலால் சிறியவராகவும் இருக்கக்கூடும்.

சட்டம் எப்போதும் எளியவர் பக்கம் நிற்பதில்லை என்பதும் அக்காலம் தரும் பாடம். கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பழைய வழக்கம் என்ற ஒன்றே அன்று சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாகத் தோன்றியது. 1939-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. இதனால் சட்டத்தை இகழ வேண்டும் என்பதில்லை. சட்டம் மனச்சான்றினால் ஓயாது திருத்தப்பட வேண்டியது என்பதே பொருள்.

சலுகையா, உரிமையா?

நம் அரசியலமைப்பு சிறுபான்மையினர்க்கு அளிக்கும் காப்புகளைச் சுருங்கக் காண்போம். தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எப்பிரிவினரும் அதனைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது 29-ஆம் பிரிவு. சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினரான எவரும் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது 30-ஆம் பிரிவு. மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்ட 1956-இல், ஏழாவது திருத்தத்தின் வாயிலாக மேலும் இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க அரசு முயல வேண்டும் என்பது 350-ஏ. அக்காப்புகள் நடைமுறையில் உள்ளனவா என ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர ஒரு தனி அலுவலர் வேண்டும் என்பது 350-பி. மொழிவழி மாநிலம் அமைத்தவுடனேயே இவை தேவைப்பட்டன. எல்லைக்கோடு எங்கே வரைந்தாலும் அதன் இருபுறமும் சிலர் அயலவராக நின்றுவிடுவர் என்பதை அன்றைய தலைவர்கள் உணர்ந்திருந்தனர்.

“அனைவரும் சமம் என்றபின் சிலருக்கு மட்டும் தனிக் காப்பு எதற்கு?” என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு 1935-ஆம் ஆண்டிலேயே ஹேக் நகரில் இருந்த பன்னாட்டு நீதிமன்றம் விடை தந்தது. அல்பேனிய அரசு நாட்டிலிருந்த தனியார் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. எல்லாரையும் ஒன்றுபோலவே நடத்தினோம் என்பது அதன் வாதம். பெரும்பான்மையினரின் பிள்ளைகளுக்கோ அவர்தம் மொழியிலேயே அரசுப் பள்ளிகள் இருந்தன. கிரேக்க மொழிச் சிறுபான்மையினர்க்கு மூடப்பட்டவற்றைத் தவிர வேறு பள்ளி இல்லை. ஏட்டில் சமமாக இருப்பது வாழ்வில் சமமாக இராது என்று நீதிமன்றம் கூறியது.

இதனைக் கரிசல் விவசாயி எளிதில் விளங்கிக்கொள்வார். வானம் எல்லா நிலத்திற்கும் ஒரே மழையைத்தான் தருகிறது. கரிசல் ஈரத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்கிறது. பக்கத்துச் செவல் மண்ணோ விரைவில் உலர்ந்துவிடுகிறது. இரண்டிற்கும் ஒரே நாளில் ஒரே விதையைத் தூவுகிறவனை நாம் நீதிமான் என்போமா? சிறுபான்மையினர்க்கான காப்பு அவர்களை உயரத்தில் வைக்கும் சலுகையன்று. மற்றவர்கள் பிறக்கும்போதே பெற்றுவிட்ட ஒன்றை அவர்களும் பெறுவதற்கான வழி அது.

தமிழராகிய நம் கடன்

தமிழர்க்கு இவ்வுண்மை அனுபவத்தால் தெரிந்ததே. 1937-இல் இந்தியைக் கட்டாயமாக்க முயன்றபோதும், 1965-இல் அது ஒரே ஆட்சிமொழியாகும் நிலை எழுந்தபோதும் தமிழகம் கொதித்தெழுந்தது. எண்ணிக்கையில் மிகுந்தோர் பேசுகிறார்கள் என்பதற்காக ஒரு மொழி மற்றவர்மீது சுமத்தப்படலாகாது என்பதே அன்று நாம் முன்வைத்த வாதம். அது மெய்யான வாதம். மெய்யான வாதம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இராது. தில்லியை நோக்கி நாம் சொன்னதை ஓசூரிலிருந்து ஒருவர் நம்மை நோக்கிச் சொன்னால், அதைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.

2006-இல் தமிழ்நாடு அரசு தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. தமிழ்நாட்டில் தமிழே படியாமல் பள்ளியை முடித்துச் செல்லும் நிலை இருந்ததை எண்ணினால், இச்சட்டத்தின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. இம்மண்ணில் வாழும் பிள்ளை இம்மண்ணின் மொழியை அறிவது அதற்கே நன்மை. கோவில்பட்டியின் தெலுங்கு இல்லத்துப் பிள்ளைக்கு இச்சட்டம் ஒரு சுமையன்று. அது நடை பழகும்போதே தமிழும் பழகிவிடுகிறது. எல்லைப்புற ஊர்களில் தெலுங்கு, கன்னட வழியிலேயே படித்து வந்த பிள்ளையின் நிலை அதுவன்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் விலக்கு வேண்டி மொழிச் சிறுபான்மையினர் உயர் நீதிமன்றத்தையும் பின் உச்ச நீதிமன்றத்தையும் அணுகினர். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு மேலும் ஓராண்டு விலக்களித்தது. ஆண்டுக்கு ஆண்டு நீதிமன்ற வாயிலில் காத்து நின்று பெறும் விலக்கு நிலையான தீர்வாகுமா? தமிழைக் கற்பிக்கத் தகுந்த ஆசிரியரும் போதிய காலமும் கொடுத்து, தாய்மொழியையும் அப்பிள்ளையிடமிருந்து பறிக்காமல் காப்பதே நேரிய வழி என்று நாம் கருதுகிறோம். தமிழ் அன்பினால் பரவிய மொழி. தண்டனைக்கு அஞ்சிப் படிப்பவன் அதனை நேசிக்கமாட்டான்.

சட்டக் காப்பு ஏட்டோடு நின்றால் என்ன நேரும் என்பதை இலங்கைத் தமிழர் வரலாறு காட்டுகிறது. எந்த ஓர் இனத்தவரையும் சமயத்தவரையும் மட்டும் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு கூறியது. அது நடைமுறையில் இருக்கும்போதே 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றோராக்கிற்று. அச்சட்டம் எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை. தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்கு மட்டுமே சான்று கேட்டது. 1953-இல் பிரிவி கவுன்சிலும் அதில் தவறு காணவில்லை. 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியா வரவேண்டும் என இரு அரசுகளும் மேசைமேல் கணக்குப் போட்டன. அங்கே எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பான்மையின் மனச்சான்று உறங்கும்போது, எழுதிவைத்த காப்பு எழுத்தாகவே நின்றுவிடுகிறது.

ஒரே மொழி, இரு தெருக்கள்

இனி மீண்டும் கரிசலுக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 42 இலட்சம் பேர். அக்கணக்கில் நஞ்சையும் புஞ்சையும் உடைய பண்ணையாரும் ஒருவர். விடியுமுன் தெருக்கூட்டச் செல்லும் அருந்ததியப் பெண்ணும் ஒருவர். இருவரும் பேசுவது தெலுங்கே. மொழிச் சிறுபான்மை என்னும் ஒரே பெயர் இருவரையும் போர்த்துகிறது. அப்போர்வையின் கீழ் ஒருவர் மாளிகையிலும் மற்றவர் ஊருக்கு வெளியேயும் வாழ்கின்றனர். சிறுபான்மைக் கல்வி நிலையம் அமைக்கும் உரிமை சட்டப்படி இருவருக்கும் உண்டு. கட்டடம் எழுப்பும் பணமும் அலுவலகம் ஏறி இறங்கும் செல்வாக்கும் ஒருவருக்கு மட்டுமே உண்டு.

சட்டம் இவ்வேறுபாட்டைக் காணத் தொடங்கியது அண்மையில்தான். பட்டியல் இனத்தாருக்கான ஒதுக்கீட்டினுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2009-இல் சட்டமாக்கியது. 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அத்தகைய உட்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எளியோருள்ளும் எளியோரைத் தேடிச் செல்லும் இந்தப் பார்வையே சிறுபான்மையோர் உரிமைக்கும் உயிராகும். காப்பு என்பது எண்ணிக்கை குறைந்தோர் என்ற வாயிலில் நின்றுவிடாமல், வாயிலுக்குள் நுழையவே தயங்கி நிற்பவரிடம் சென்று சேர வேண்டும்.

ஆதித் திருச்சபையின் வழி

இதற்குத் திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எருசலேம் சபையில் எபிரேய மொழியினர் மிகுதி; கிரேக்கம் பேசுவோர் குறைவு. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழியினரின் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. மொழிச் சிறுபான்மையினர்; அவருள்ளும் பெண்கள்; பெண்களுள்ளும் கைம்பெண்கள். முணுமுணுப்பவர்கள் சிலரே என்று திருத்தூதர்கள் தள்ளிவிடவில்லை. சபையைக் கூட்டினர், பந்திப் பொறுப்புக்கு எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? குறையுற்றோரின் மொழியினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இரக்கத்தோடு அதிகாரத்தையும் பகிர்ந்தளித்த சபை அது.

திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-இல் வெளியிட்ட ‘பாரில் சமாதானம்’ என்னும் சுற்றுமடலில் சிறுபான்மை இனத்தாரின் மொழியையும் பண்பாட்டையும் நசுக்குவது நீதிக்கு எதிரானது என்றும், அவர்தம் நிலையை உயர்த்துவது ஆட்சியாளரின் கடமை என்றும் கற்பித்தார். சிறுபான்மையினரும் தம் தனித்தன்மையை மிகைப்படுத்தி மானிடப் பொதுமையை மறந்துவிடலாகாது என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்த்தே தந்தார். இவ்விரண்டையும் ஒருசேரக் கொள்ளுதல் வேண்டும். தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்ளும் சமூகம் காப்பைச் சிறையாக மாற்றிவிடுகிறது. காமநாயக்கன்பட்டியின் தொன்மையான ஆலயத்திற்கு எட்டயபுரத்து அரசர் காப்பளித்தார் என்று அவ்வூரார் பெருமையோடு கூறக் கேட்டிருக்கிறோம். தெலுங்கு பேசிய அரசர் தமிழ் பேசிய கிறிஸ்தவரைக் காத்த நினைவு அது. 1895-இன் கலவரம் மட்டுமே கரிசலின் வரலாறு அன்று.

நாம் செய்யக்கூடுவன

30-ஆம் பிரிவு நமக்கு வழங்கியது ஒரு சொத்தன்று, ஒரு பொறுப்பு. நம் உரிமை பறிபோகும்போது மட்டும் ஊர்வலம் செல்வதும், பிறருடைய உரிமை பறிபோகும்போது கதவடைத்திருப்பதும் நற்செய்தியின் வழியாகா. நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை ஒருமுறை திறந்து பார்ப்போம். ஊரின் கடைசித் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் வந்திருக்கின்றனர்? அவர்கள் வீட்டில் பேசும் மொழியைப் பிறர் எள்ளி நகையாடும்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? சிறுபான்மை நிறுவனம் என்ற பெயர்ப்பலகைக்குத் தகுதி தருவது அப்பதிவேடே.

பங்குப் பேரவையிலும் அன்பியங்களிலும் பொறுப்புகளைப் பகிரும்போது எருசலேமின் எழுவரை நினைவுகூர்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக இலத்தீன் நீங்கித் தமிழில் திருப்பலி கண்ட தலைமுறை நாம். தன் மொழியில் மன்றாடுவது எத்தகைய விடுதலை என்பதை அறிந்தவர்கள், நோயுற்ற மூதாட்டி ஒருவர் தெலுங்கில் செபிக்க விரும்பினால் அதனை விந்தையாகக் கருதலாகாது. சட்டம் பயின்ற நம் இளைஞர்கள், சாதிச் சான்றுக்கும் குடியிருப்புப் பட்டாவுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அலையும் எளியோரோடு சென்று மனு எழுதித் தரலாம். எழுத்தறியாதார் கையில் உரிமை சேர்வதற்கு இத்தகைய துணையே பெரிதும் வேண்டும்.

பேதுரு தலைமைக் குருவின் முற்றத்தில் நின்றபோது, அவரது கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது என்கிறது மத்தேயு நற்செய்தி. பேச்சின் சாயல் ஒருவருக்கு அச்சம் தருவதாக இருக்கும் வரையில் அந்த ஊரில் நீதி நிறைவு பெறவில்லை. கழுகுமலையின் தேர்வீதியில் இன்று எல்லாரும் நடக்கிறார்கள். அவ்வுரிமையை ஒருநாள் கேட்டுப் பெற்றவர்களின் வழிவந்தோர் நம் மக்களுள் பலர். இன்னும் எந்த வீதியில் யார் தயங்கி நிற்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டியவர்களும் அவர்களே.